மூன்றரை நிமிஷக் கச்சேரி

ஒருவனுக்குச் சங்கீத ரசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பூர்வ ஜன்ம வாசனை என்பார் ஒருவர். குருகுல வாசம் என்பார் மற்றொருவர். சுவாமி புறப்பாட்டின் பின்னால் விடிய விடிய நடந்து நாயனம் கேட்ட பழக்கம் என்பார் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். மூன்றும் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் என் தலைமுறையில் பிறந்த அநேகருக்கு, அதிலும் சபாவும் சந்தாவும் இல்லாத சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு, காதைத் திறந்துவிட்ட பெருமை பத்து அங்குலக் குறுக்களவும், கரிய நிறமும், கை தவறினால் இரண்டாக உடைந்துபோகும் சுபாவமும் கொண்ட கிராமபோன் தட்டுக்கே உரியது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றரை நிமிஷம் என்று அளந்து வைத்துப் பாடம் சொன்ன அந்த ஆசானிடம் நான் கற்றது எது, கல்லாமல் விட்டது எது என்று இந்த வயதில் எண்ணிப் பார்க்கும்போது, எனக்குப் பிடித்த பாட்டுகளின் கதையும் அந்த யந்திரத்தின் கதையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

மனிதன் பாடத் தொடங்கிய நாள்தொட்டு, ஒரு தடவை பாடிய பாட்டு மறு தடவை அப்படியே திரும்பி வந்ததில்லை. வித்துவான் நேற்றுப் பாடிய காம்போதி வேறு, இன்று பாடும் காம்போதி வேறு. கேட்டவனிடம் தங்குவது ஞாபகம் ஒன்றே. அந்த ஞாபகமும் நாளடைவில் அவனுடைய சொந்தக் கற்பனையோடு கலந்து, இராத்திரி கேட்ட கச்சேரியைக் காலையில் திண்ணையில் வர்ணிக்கும்போதே கொஞ்சம் பெரிதாகிவிடும். தட்டு வந்த பிறகுதான், ஒரே குரல் ஒரே கமகத்தை ஒரே இடத்தில் நூறு தரம் அசைத்துக் காட்டும் அதிசயத்தை நம் ஜனங்கள் கண்டார்கள். வீட்டில் பத்துத் தட்டு இருந்தால் அந்தப் பத்தையும் தேயத் தேயக் கேட்க வேண்டியதுதான். பிடிக்காத பாட்டும் கேட்டுக் கேட்டே பிடித்துப்போகும். ஆகவே எங்கள் ரசனையில் பாதியை நாங்கள் தேடிக்கொண்டோம் என்று சொல்வதற்கில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் என்றோ ஒருநாள் கடையில் கைநீட்டிக் காட்டிய தட்டுகள் அதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன.

எடிசன் 1877-ல் குரலை உருளையில் பிடித்ததையும், பத்து வருஷம் கழித்து எமில் பெர்லினர் உருளையை விட்டுத் தட்டைப் பிடித்ததையும் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகமே சொல்லிவிடும். நமக்கு வேண்டிய கதை 1902-ல் கல்கத்தாவில் தொடங்குகிறது. கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு நிபுணரான பிரெட் கெய்ஸ்பெர்க் அவ்வருஷம் அங்கே வந்திறங்கி, கோஹர் ஜான் என்னும் புகழ் பெற்ற பாடகியைக் குழாய்க்கு முன்னால் நிறுத்திப் பாடவைத்தார். மெழுகில் பதிந்த அந்தப் பாட்டுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்துக்குப் போய், தட்டாக வார்க்கப்பட்டுத் திரும்பி வந்தன. பாட்டு முடிந்த கையோடு பாடகி தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி நிறுத்துவார். இன்னாருடைய பாட்டு இது என்று ஹானோவர்த் தொழிலாளிக்கு விளங்கினால்தானே அவன் தட்டின் நடுவில் சரியான சீட்டை ஒட்டுவான்! 1908-ல் கல்கத்தாவில் சியால்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. 1920-களின் இறுதியில் அந்த வேலை டம்டமுக்கு மாறியது. தட்டின் மூலப்பொருளோ ஆதியிலிருந்தே நம் தேசத்துச் சரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரந்து வைத்த அரக்கைச் சுரண்டிச் சுத்தி செய்து, கற்பலகைத் தூளும் புகைக்கரியும் பஞ்சிழையும் கூட்டிச் சூட்டில் பிசைந்து அழுத்தினால் தட்டு. நம் காட்டு அரக்கு கடல் கடந்து போய், நம் பாட்டையே முதுகில் சுமந்து, நமக்கே விலைக்கு வந்த விநோதம் கல்கத்தாத் தொழிற்சாலையினால்தான் நின்றது.

மின்சார ஒலிப்பதிவு மேல்நாட்டில் 1925-ல் புகுந்து இங்கே வந்து சேரும் வரையில், பாடுகிறவர் ஒரு பெரிய புனலின் வாய்க்குள் முகத்தைக் கொடுத்து, மறுமுனையில் மெழுகைக் கீறும் ஊசி அதிரும்படி முழுத் தொண்டையைத் திறந்து பாட வேண்டும். மெல்லிய சாரீரத்துக்கு அங்கே வேலையில்லை. மிருதங்கத்தின் தொப்பி நாதம் பெரும்பாலும் பதியாது. தம்பூராவின் கதி அதோகதி. இந்தச் சங்கடம் போதாதென்று, குரலை யந்திரம் உறிஞ்சிக்கொண்டுவிடும் என்ற பயமும் ஊரில் உலவியது. தாம் நாலு மணி நேரம் விரித்துக் காட்டும் வித்தையைத் தெருவில் போகிறவன் மூன்று நிமிஷத்தில் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்வதா என்று மானம் பாராட்டிய வித்துவான்களும் இருந்தார்கள். லயத்தில் சிங்கம் என்று பெயரெடுத்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை கடைசி வரையில் தட்டுக்குப் பாட இசையவே இல்லை. 1934-ல் அவர் காலமானபோது அவருடைய பாட்டும் கூடவே போயிற்று. இன்று நாம் அவரைப் பற்றி அறிவதெல்லாம் கேட்டவர்கள் சொன்ன வார்த்தைதான். மானம் பெரிதென்று நினைத்தவரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆயினும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வித்துவான்கள் விட்ட இடத்தைத் தேவதாசி குலத்துப் பாடகிகளும் நாடகக் கம்பெனி நடிகர்களும் பிடித்துக்கொண்டார்கள். தென்னிந்தியாவின் தட்டுச் சங்கீதத்துக்கு முதல் பெரும் பெயர் என்று கோயம்புத்தூர் தாயியைச் சொல்ல வேண்டும். 1917-ல் மறைந்த இந்த அம்மையார் புனல் யுகத்துப் பாடகி. தேய்ந்த தட்டின் இரைச்சலைத் திரை விலக்குவதுபோல் விலக்கிவிட்டுக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, மேல் ஸ்தாயியில் அவர் கமகத்தை வழுக்கி இறக்கும் பக்குவம் இன்றைக்கும் பிரமிப்பூட்டும். நமக்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் அப்படிப் பிரமித்துப் போனார். ராவெலின் சீடரான மோரிஸ் தெலாஜ் என்ற அந்த இசைப்புலவர் 1912-ல் இந்தியாவுக்கு வந்தவர். தாயியின் தட்டு ஒன்றைக் காதால் எழுதியெடுத்து, 'ராகமாலிகா' என்ற பெயரிலேயே ஓர் உருப்படி அமைத்தார். அதற்குப் பியானோவின் தந்தியொன்றை ஓசை மழுங்கும்படி அடைத்து வைத்து, நம் மத்தளத்தின் தொனியை வரவழைக்க முயன்றார். பாரிஸில் ஒரு பியானோவைத் தாயியின் குரல் இவ்வாறு மாற்றியமைத்ததை, சென்னைப் பட்டணத்தில் அவர் வீட்டைக் கடந்து போனவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்!

எங்கள் குடும்பத்துக்குக் கிராமபோன் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தவர் ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்த என் சிற்றப்பா. மாயவரத்தை அடுத்த எங்கள் ஊரில் அது முதல் பெட்டியன்று. மிராசுதார் வீட்டில் பித்தளைக் குழாய் வைத்த பழைய யந்திரம் ஒன்று ஏற்கனவே இருந்தது. சிற்றப்பாவின் பெட்டி கைப்பிடியோடு தூக்கிச் செல்லத்தக்கது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் பச்சைத் துணி போர்த்த வட்டமும், வளைந்த கைபோன்ற குழலும், அதன் நுனியில் அப்பிரகத் தகடு பொருத்திய சவுண்ட் பாக்ஸும் தெரியும். பக்கவாட்டில் சாவியை நுழைத்து முறுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் உள்ளேயிருக்கும் வில் அறுந்துவிடும், குறைவாக முறுக்கினால் பாட்டின் நடுவிலே சுருதி இறங்கிக்கொண்டே போய், தார ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்த பெண்குரல் பாதாளத்திலிருந்து உறுமும். முள் சமாசாரம் தனி. நாய் படம் போட்ட சின்னத் தகர டப்பியில் எஃகு முட்கள் இருக்கும். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் பழைய முள்ளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைத் திருகி மாட்ட வேண்டும் என்பது சாஸ்திரம். முள்ளில் சிக்கனம் பார்த்தால் தட்டு கெடும், தட்டைக் காக்க நினைத்தால் முள் தீர்ந்துபோகும். இந்தத் தர்மசங்கடத்தில் எங்கள் வீட்டுச் சிறுவர்கள் எப்போதும் முதல் பாவத்தையே செய்தோம்.

"டேய், முள்ளை மாத்தினியா?" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

"மாத்திட்டேன் சித்தப்பா" என்று கூசாமல் சொல்லுவோம்.

"மாத்தின முள் மாதிரி இல்லையே சத்தம். காது எனக்கும் இருக்குடா!" என்பார். ஆனால் எழுந்து வரமாட்டார். பாட்டு பாதியில் நிற்பது அவருக்கும் சம்மதமில்லை.

அந்தப் பெட்டியில் நான் முதன்முதலாக வசமிழந்து கேட்டது நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவின் குரல். 1906-ல் பிறந்து 1933-ல் மறைந்துவிட்ட அந்த மனிதரை நான் கண்ணால் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர் எங்கள் கூடத்தில் தினந்தோறும் வந்து பாடிவிட்டுப் போனார் என்பதுதான் அந்த யந்திரத்தின் மாயம். நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. தரை டிக்கெட்டுக்காரன் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தையும் கேட்டாக வேண்டும். எட்டாவிட்டால் கூச்சல் போட அவனுக்குத் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களை மேல் சுருதியில் சாதகம் செய்யவைத்ததற்கும், நடிகர்கள் ஹார்மோனியத்தின் உச்சக் கட்டைகளிலேயே ஜீவித்ததற்கும் காரணம் இதுதான். சாஸ்திரக்காரர்கள் இதை நாடக பாணி என்று முகம் சுளித்தார்கள். நான் சாஸ்திரம் அறியாத சிறுவன். மேல் பஞ்சமத்தில் போய் நின்றுகொண்டு, மூச்சுத் திணறாமல், நீரில் மீன் புரள்வதுபோல அங்கேயே பிருகாக்களை உதிர்க்கும் அந்தச் சாரீரத்தைக் கேட்ட எனக்கு, உயரே போவதுதான் சங்கீதம் என்ற எண்ணம் ஆழப் பதிந்துவிட்டது. அதைக் களைந்தெறிய எனக்கு வெகு காலம் பிடித்தது.

கிட்டப்பாவைச் சொல்லிவிட்டுக் கொடுமுடி சுந்தராம்பாளைச் சொல்லாமல் போகிறவன் தமிழன் அல்லன். கொழும்பு நாடக மேடையில் சந்தித்து இணைந்த இருவருடைய தட்டுகளும் கடைகளில் அக்கம் பக்கமாகவே விற்றன. கிட்டப்பா மறைந்த பிறகு வெண்ணிற உடை பூண்டு, ஆடவரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று சுந்தராம்பாள் ஒதுங்கி நின்றதும், 1935-ல் வெளிவந்த 'நந்தனா'ரில் நந்தனாக அவரே வேஷமிட ஒரு லட்சம் ரூபாய் ஊதியமாகப் பெற்றதும் எல்லோரும் அறிந்தவை. அவருடைய தட்டுகள் எனக்குச் செய்த உபகாரம் வேறு. கிட்டப்பாவிடம் வேகத்தைக் கண்டு மயங்கியிருந்த காதுக்கு, சொல்லை அழுத்தி நிறுத்துவதில் எத்தனை பலம் இருக்கிறது என்பதை அந்த அம்மாள் காட்டினார். றகரமும் ழகரமும் அவர் வாயில் புழங்கிய விதத்தைத் தமிழ் வாத்தியார்களும் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றரை நிமிஷம் என்ற கட்டுப்பாடு பாட்டையும் மாற்றியது, கேட்பவனையும் மாற்றியது. அரை மணி நேரம் ஆலாபனை செய்து பழகியவர், இரண்டு வீச்சில் இராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு, பல்லவி, அநுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் பாடி, ஒரு கை ஸ்வரமும் போட்டு, சிவப்பு விளக்கு எரிவதற்குள் முடிக்க வேண்டும். வெட்டுவதற்கு வேண்டியது இரக்கமில்லாத விவேகம்; அது எல்லா வித்துவான்களுக்கும் வாய்க்காது. சிலர் நீண்ட கச்சேரியை அவசரமாக ஓட்டிக் காட்டினார்கள். வேறு சிலர் மூன்று நிமிஷத்துக்கென்றே பிறந்தவர்கள்போலப் பாடினார்கள். அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் விறுவிறுப்பான சிறு உருப்படிகளை அடுக்கிக் கச்சேரிக்கு ஒரு புது ஒழுங்கு ஏற்படுத்தியதும், தட்டு தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு புகுந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் இரண்டையும் அநுபவித்த காது ஒன்றே என்பதை மறக்கலாகாது.

இந்தச் சட்டத்தைப் பொய்யாக்கியது ஒரு தோடி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடித் தட்டைக் கேட்காத வீடு தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்ததா என்பது சந்தேகம். காவேரிக்கரைக் கோயில்களில் இராத்திரி முழுவதும் அவர் தோடியைக் கேட்டவர்கள், அந்தச் சமுத்திரத்தைச் சிமிழில் அடைக்கலாகுமா என்று கேலி செய்தார்கள். செய்தவர்களே தட்டை வாங்கினார்கள். காந்தாரத்தில் வந்து அவர் அசைந்து நிற்கும் நிலையில் அவசரம் என்பது மருந்துக்கும் இல்லை. தட்டு சுழல்கிறது, ஊசி உள்வட்டத்தை நோக்கி நகர்கிறது, காலம் தீரப்போகிறது என்று நம் மனம் பதறும்; வாசிக்கிறவர் பதறமாட்டார். விளம்ப காலம் என்பது நேரத்தின் நீளத்தைப் பொறுத்ததன்று, வாசிப்பவனுடைய மனத்தின் அகலத்தைப் பொறுத்தது என்ற பாடத்தை எனக்குச் சொன்னது அந்தத் தட்டு. உயரத்தையும் வேகத்தையும் பூஜித்துக் கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தேன். ஒத்துக்குப் பதில் தம்பூராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டவர் அவர். நாயனத்தின் நீளத்தைக் கூட்டிச் சுருதியைத் தாழ்த்தி, நரசிங்கம்பேட்டையில் பாரி நாயனம் பெருகக் காரணமாயிருந்தவரும் அவரே. யந்திரத்துக்கு முன் அவர் அத்தனை சொஸ்தமாக உட்கார்ந்தது தற்செயல் ஆகாது.

மின்சார ஒலிவாங்கி வந்ததும் மெல்லிய குரல்களுக்கு விமோசனம் பிறந்தது. முதுமையில் வீணை தனம்மாள் மீட்டிய சில தட்டுகளாவது நமக்குக் கிடைத்திருப்பது அதனால்தான். புனலை நோக்கி அந்த வீணையை வாசித்திருந்தால் விரல் தந்தியில் உராயும் ஓசைகூட மிஞ்சியிராது. 1926-ல், பத்து வயதில், தாயார் சண்முகவடிவு வீணை வாசிக்கத் தட்டுக்குப் பாடிய மதுரைச் சிறுமி பிற்காலத்தில் எம். எஸ். சுப்புலக்ஷ்மி என்று உலகம் அறிந்தவர். பெண்கள் மேடையேறிப் பாடுவதைப் பற்றிக் குலமும் கௌரவமும் பேசி வாதாடிய வீடுகளில்கூடப் பெண்குரல் தட்டின் வழியாக எந்தத் தடையுமின்றி நுழைந்தது. திரைக்குப் பின்னாலிருந்து கேட்ட எங்கள் பாட்டி, அடுப்பங்கரையில் தட்டுப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியபோது, வீட்டில் யாரும் அதை ஆட்சேபிக்கவில்லை.

அந்தக் குரல்களுள் எனக்கு மிக நெருக்கமானது என். சி. வசந்தகோகிலத்தினுடையது. 1919-ல் பிறந்து 1951-ல், முப்பத்திரண்டு வயதில், க்ஷயரோகத்தால் மறைந்த அந்தப் பாடகியின் பாட்டு தட்டுகளிலும் சில படங்களிலுமே எஞ்சியிருக்கிறது. கச்சேரிகளை நாடாவில் பிடித்து வைக்கும் பழக்கம் பரவுவதற்கு முன்பே அவர் போய்விட்டார். தட்டு என்னும் குறுகிய ஜன்னலைத் தவிர வேறு வழியில் அவரைப் பார்க்க இயலாதென்பதனாலோ என்னவோ, அவர் குரலில் ஓர் அவசரமற்ற தெளிவும் கூடவே ஒரு கூர்மையும் இருப்பதாக எனக்குத் தோன்றும். எம். எஸ்-ஸோடு அவரை ஒப்பிட்டு வாதிடும் ரசிகர்களை நான் அறிவேன். அந்த வாதத்தில் நான் வசந்தகோகிலம் கட்சி என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

1931-ல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கிய பிறகு, நாடகக் கொட்டகைக்கும் தட்டுக் கடைக்கும் இடையே சினிமா வந்து உட்கார்ந்தது. மவுண்ட் ரோடில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற தட்டுக் கடையைக் கூட்டாளிகளோடு நடத்தி, ஓடியன் தட்டுகளை விற்று அநுபவம் பெற்ற ஏ. வி. மெய்யப்பன் படத் தயாரிப்பில் இறங்கியது இந்த மாறுதலுக்குச் சரியான உதாரணம். ஆரம்பத்தில் படத்துக்கென்று ஒரு தடவை பாடியதைத் தட்டுக்கென்று மறுபடி பாடுவார்கள். ஆகவே கொட்டகையில் கேட்ட பாட்டும் வீட்டில் கேட்ட பாட்டும் ஒன்றாக இரா. இன்னும் ஒரு சங்கதி அதிகமா குறைவா என்பதைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் நாங்கள் செய்த சண்டைகள் வக்கீல்களுக்கு அழகானவை.

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நாயகர் தியாகராஜ பாகவதர் வழக்கில் சிக்கிச் சிறை சென்றதும், 1947-ல் வெளிவந்ததும், பழைய பிரதாபம் திரும்பி வராமலே 1959-ல் மறைந்ததும் வேறொரு கட்டுரைக்குரிய சோகம். அந்தப் படத்தில் நடிகை ராஜகுமாரிக்கு எதிரே பாகவதர் பாடும் சிருங்காரப் பாட்டு சாருகேசி இராகம். இருபத்தாறாவது மேளமாகிய இந்த இராகத்தில் தியாகராஜ சுவாமிகளின் கிருதி ஒன்று வழக்கிலிருந்தும், கச்சேரி மேடையில் அதை எடுத்து ஆள்பவர் அரிதாயிருந்தனர். பாபநாசம் சிவன் சாஹித்தியம் எழுத, ஜி. ராமநாதன் மெட்டமைக்க, பாகவதர் பாடி வைத்த பிறகு, வண்டிக்காரன் முதல் வருணாசிரமவாதி வரையில் எல்லோரும் சாருகேசி என்ற பெயர் தெரியாமலே சாருகேசியைப் பாடினார்கள். வெகுநாள் கழித்து ஒரு கச்சேரியில் வித்துவான் இரண்டு ஸ்வரம் தொட்டதும் எனக்கு இராகம் தெரிந்துபோயிற்று. பக்கத்திலிருந்த சங்கீத பண்டிதர் என்னை மரியாதையோடு பார்த்தார். என் குரு டீக்கடை கிராமபோன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பாரதியாரின் பாட்டுகளையும் நாங்கள் ஏட்டில் படிப்பதற்கு முன் தட்டில்தான் கேட்டோம். கவிஞர் 1921-ல் மறைந்த பிறகு அவருடைய நூல்கள் 1928-ல் பறிமுதலானதும், சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து முழங்கியதும் சரித்திரம். பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமை மட்டும் ஒரு வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து மெய்யப்பனிடம் வந்தது. 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாரதி பாட்டுகளைப் பாட, குமாரி கமலா ஆடினார். பல்லவி பாடுவது ஆண்கள் காரியம் என்றிருந்த மேடையில் ராகம் தானம் பல்லவி பாடிக் காட்டிய அந்தக் கனத்த சாரீரம் சுதந்திரத்தைப் பாடியபோது, அதில் குழைவைவிட உறுதி தூக்கலாக நின்றது. ஒரு கவிஞரின் பாட்டு ஒருவர் கைச்சொத்தாக இருக்கலாமா என்று நாடெங்கும் குரல் எழுந்து, 1949-ல் மெய்யப்பன் பணம் வாங்காமலே அந்த உரிமையைச் சர்க்காருக்கு விட்டுக்கொடுத்தார். தட்டு வியாபாரத்தில் இப்படியும் ஓர் அத்தியாயம் உண்டு.

1941-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் கூடிய மகாநாட்டிலிருந்து தமிழிசை வாதம் தமிழ்நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்த காலமும் அதுவே. கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒதுக்கப்பட்ட தமிழ்ப் பாட்டுக்கு நடுநாயக ஸ்தானம் வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் இரு கட்சியாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்: தட்டுக் கடையில் அந்த வழக்கு முன்பே தீர்ப்பாகியிருந்தது. அங்கே விற்பனைப் பட்டியலை எழுதினவன் வியாபாரி. ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் பாட்டு விற்கும் என்பது அவனுக்குத் தெரியும். நாடகப் பாட்டும் காவடிச் சிந்தும் திருப்புகழும் அங்கே யாருடைய சிபாரிசையும் எதிர்பார்க்கவில்லை.

திருச்சி வானொலி 1939-ல் தொடங்கியதிலிருந்து தட்டுக்குப் புது வாகனம் கிடைத்தது. பிறகு கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியாக இருந்து சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஒதுக்கியதும், ஜனங்கள் சத்தமில்லாமல் ஊசியை நகர்த்தி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அங்கே அறிவிப்பாளராயிருந்த மயில்வாகனனின் குரலுக்குப் பின்னால் தமிழ்நாட்டின் பாட்டுகளே கடல் தாண்டித் திரும்பி வந்தன. 1957-ல் விவித பாரதி பிறந்தது இந்தத் தோல்வியை ஒப்புக்கொண்டதன் பலன். கலியாண வீடுகளில் சவுண்ட் சர்வீஸ்காரர் தென்னைமரத்தில் குழாயைக் கட்டி, பக்தித் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கப்போன காலத்தைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை சொல்ல வரவில்லை. கேட்க விரும்பாதவன் காதிலும் பாட்டு விழத் தொடங்கியது அப்போதுதான்.

1960-களின் முடிவோடு எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுகள் வார்ப்பது நின்றுபோயிற்று. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளைக் குவித்து வைத்து விற்ற கடைகளும் 1985-ல் ஏற்பட்ட தீயோடு முடிந்தன. இன்று அந்தப் பாட்டுகளில் கணிசமானவற்றை யார் யாரோ புண்ணியவான்கள் சேகரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் ஒரு குறை. எழுபத்தெட்டு என்பது பேச்சுக்குத்தான். பழைய தட்டுகளில் எண்பது சுற்றில் பதித்தவையும் உண்டு, கொஞ்சம் முன்பின்னாக ஓடிய யந்திரங்களும் உண்டு. மறுபதிவு செய்யும்போது வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். கிட்டப்பாவுக்கு அவர் தமையனார் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிப்பது வழக்கம். ஹார்மோனியத்தின் ஸ்வரம் நகராது. பாட்டின் ஷட்ஜம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கினால், தட்டு ஓடிய வேகத்தில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். என்னிடமுள்ள சில மறுபதிவுகளை இந்த முறையில் சோதித்து, வேகத்தைச் சற்றுத் தணித்துக் கேட்டபோது, குரலின் கீச்சுத்தன்மை குறைந்து, பிருகாக்களின் இடைவெளி தெளிவாகக் காதில் விழுந்தது. மேதையின் உயரத்தைக் கூட்டிக் காட்டும் வேலையை யந்திரமும் செய்திருக்கிறது என்று அறிந்ததால் அவரிடம் எனக்குள்ள மதிப்பு இம்மியும் குறையவில்லை. மறுபதிவு செய்கிறவர்கள் தட்டின் எண்ணோடு, எத்தனை சுற்று வேகத்தில் ஓட்டினோம் என்பதையும் ஓரத்தில் குறித்து வைத்தார்களானால், எனக்குப் பின்னால் கேட்க வருகிறவர்களுக்கு இந்தச் சோதனை வேலை மிச்சமாகும்.